வெளுத்த மீன் நாற்பது கட்டு

திருப்பருத்திக்குன்றம்,
காஞ்சிபுரம்.
டிசம்பர் 11

அன்பு மகள் தர்ஷினிக்கு அப்பா ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம். என் சுகத்தில் மட்டும் கொஞ்சம் மீன் வாடை அடிப்பதாக அம்மா சொல்கிறாள், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் உடம்புக்கு அந்த ஹாலந்துக் குளிர் எப்படி ஒத்துப்போகிறது என்று இரண்டு வரி எழுது.

நீ போனில் அழுதது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. டச்சுக்காரன் காலத்தில் சதுரங்கப்பட்டினத்தில் கிளம்பி உங்கள் ஊர்க் கடற்கரை மணல்திட்டில் மோதி உடைந்த அந்தப் பாய்மரக் கப்பல் நம் பக்கத்துத் துணி ஏற்றி வந்தது என்று மூன்று வருஷமாக ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி வருகிறாய். உன் பேராசிரியரோ சரக்குப் பட்டியலில் ‘வெளுத்த மக்கரெல் நாற்பது கட்டு’ என்ற வரியைக் காட்டி, மக்கரெல் என்றால் கானாங்கெளுத்தி மீன், வெளுத்தது என்றால் கழுவியது, ஆகவே இது மீன் கப்பல், இருபதாம் தேதிக்குள் மறுத்துக் காட்டு, இல்லையென்றால் தலைப்பை மாற்று என்கிறார். மீனைக் கட்டுக் கட்டாக விற்பார்களா என்று என்னை விசாரிக்கச் சொன்னாய். அடுத்த வரியில் ‘ஒரிக்கே’ என்று இருக்கிறது, அது என்ன மீனோ என்றாய். அம்மா காதில் விழுந்தது மீன் கப்பல் மட்டும்தான். ‘அம்மாந் தூரம் போயி நம்ம பொண்ணு மீன் கப்பலயா படிக்குது, கோயில்ல கேட்டா நான் இன்னா சொல்றது’ என்று ஒரே புலம்பல்.

பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் தாண்டியவன் நான், ஆராய்ச்சி என்றதும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டேன். நம் சமண வம்சத்தில் அங்கே போன முதல் ஆள். மூக்கில் கைக்குட்டையும் கையில் நோட்டுமாக நின்றவனை முனிசிபாலிட்டி அதிகாரி என்று நினைத்து நாலு பேர் வணக்கம் வைத்தார்கள். நம் கடையில் அரிசி வாங்கும் நீலாம்பாள் மட்டும் ‘இன்னா நயினாரே, வழி தப்பி வந்துட்டீங்களா’ என்றது. மீனைக் கட்டாகக் கட்டி வெளுப்பீர்களா என்று நோட்டைப் பார்த்து வாசித்தேன். அது சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்து இரண்டு மீன் கீழே விழுந்தன. ‘கட்டு கட்டி வெளுக்கறதுக்கு அது இன்னா மீனா, வேட்டியா?’ என்றது. ஒன்றும் புரியாமல் அதையும் எழுதிக்கொண்டேன். நிமிர்ந்தால் ரோட்டில் நம் கோயில் கமிட்டி மகாவீர், சைக்கிளை நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருக்கும் என்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போகப் பயந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு கண்டக்டர் ‘ஓரிக்கை, மாகறல், உத்திரமேரூர்! மாகறல் மாக்றல் மாக்ரல்!’ என்று கத்திக்கொண்டிருந்தார். வேட்டி. மாக்ரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீன் இல்லையம்மா, ஊர்! ஜவுளிக் கடையில் ‘ஒரு ஆரணி எடுத்துப் போடுப்பா’ என்றால் ஊரையா தூக்கிப் போடுகிறான்? அதுபோல வெளுத்த மாகறல் என்றால் மாகறல் துணி. அந்த ‘ஒரிக்கே’யும் மீன் இல்லை, மாகறலுக்கு முந்தின ஓரிக்கை ஸ்டாப். ஓடிப்போய் ஏறினேன், எங்கே என்று கேட்ட கண்டக்டரிடம் ‘நாற்பது கட்டு’ என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவரே மாகறலுக்கு டிக்கெட் கிழித்தார்.

மாகறலில் தறி வைத்திருக்கும் வீரபத்திரனைப் பிடித்துக் கேட்டேன். ‘வெள்ளத் துணி நெய்ஞ்சி சட்ராஸ் தொறைக்கு வண்டி கட்டி அனுப்புவாங்கனு எங்க பெரியவங்க சொல்லிக்கினு இருப்பாங்க, காயிதம் கீயிதம் ஒண்ணும் இல்லபா’ என்றார். சட்ராஸ் உன் சதுரங்கப்பட்டினம்தான், ஆனால் காகிதச் சான்று இல்லை. ஆகவே என்னை நம்பாதே, ஊர்களுக்குப் பழைய வெள்ளைக்காரன் எழுத்துக் கூட்டல் என்னவென்று நீயே பார்த்து, பேராசிரியரிடம் இரண்டு வரியையும் சேர்த்துக் காட்டு. இரண்டு ஸ்டாப்பும் வரிசையாகத் தப்பாக இருக்க முடியாது. தபால் இருபதாம் தேதிக்குள் வந்து சேராது, அதனால் இதைப் போட்டோ எடுத்துப் போனிலும் அனுப்புகிறேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே வாளித் தண்ணீரோடு நின்றாள். குளித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவள் துண்டை நீட்டி, ‘அப்ப நம்ம பொண்ணு கப்பலு சைவம்தானே’ என்றாள். ஆமாம் என்ற பிறகுதான் கதவைத் திறந்துவிட்டாள். இப்போது கோயிலில் எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அங்கே நாலரைக்கே பொழுது போய்விடுகிறதாமே, நம் வழக்கப்படி இருட்டுமுன் சாப்பிட முடியாவிட்டால் பட்டினி கிடக்காதே, கோடையில் பத்து மணி வரை வெளிச்சமாம், அப்போது சரிக்கட்டிக்கொள். ஜினேந்திர பகவான் அருளால் இருபதாம் தேதி உன் பக்கம் நிற்கட்டும். கட்டுரையில் நீலாம்பாளுக்கும் கண்டக்டருக்கும் மறக்காமல் நன்றி போடு. என் பெயரையும் போடலாம், மீனிலிருந்து நாலு வரி தள்ளி.

இப்படிக்கு,
மூன்று முறை குளித்த உன் அப்பா
ஜீவந்தரன்