ஆகாயகங்கையில் அண்ணி

செப்டம்பர் 9
கல்லூரியில் பாடம் நடத்தி முடித்துவிட்டுத் திருக்காட்டுப்பள்ளிக்குப் போனேன். அண்ணன் தை மாதம் இறந்துபோனதிலிருந்து அண்ணி அதே அறையில், அதே சுவரைப் பார்த்தபடி. நடவு, களை, அறுப்பு என்று அண்ணனுக்குச் சமமாக வயலை ஆண்ட மனுஷி. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்றேன். "அப்படியா?" அவ்வளவுதான்.

செப்டம்பர் 11
அண்ணியின் மகன் செந்தில்குமார் கொல்லிமலைக்குக் கூப்பிடுகிறான். "அருவியப் பாத்தா அம்மாவுக்கு மனசு மாறும் அத்தை." அருவி என்ன மருந்தா? கேட்கவில்லை. வருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 14
படி இறங்க இறங்க முழங்கால் கெஞ்சியது. கடைசி வளைவு திரும்பியதும் ஆகாயகங்கை. பாறையின் உச்சி தெரியவில்லை. வெள்ளையாக விழுவது மட்டும் தெரிந்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் படுத்தே கிடக்கும். மதகு திறந்தால் வரும், மூடினால் நிற்கும், முறை வைத்து வயல் வயலாகப் பாயும். இதற்கு மதகும் இல்லை, முறையும் இல்லை. படத்தில் பார்க்காத எது இருந்துவிடப் போகிறது என்று வந்தவள், வாயைத் திறந்தபடி நின்றேன். சாரலில் கண்ணாடி மங்கியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

திரும்பினால் அண்ணியைக் காணோம். எங்க போனாங்க? பாறை வழுக்குதே, நான்தானே பக்கத்துல நின்னேன் —

சற்றுத் தள்ளி, புடவையைத் தூக்கிச் செருகிக் குந்தியிருந்தார். பாறையிடுக்கிலிருந்து சிறு ஓடை ஒன்று பிரிந்து பாதையில் வழிந்துகொண்டிருந்தது. கல்லும் சேறும் அள்ளி வைத்து அதை அடைத்துக்கொண்டிருந்தார்.

வனக்காவலர் ஒருவர் சத்தம் போட்டார். "ஏம்மா, தஞ்சாவூர்ப் பக்கமா நீங்க?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அருவிக்கு வரப்பு போடுறது வேற யாரு?"

அண்ணி சேற்றுக் கையோடு நிமிர்ந்தார். "இவ்வளவு தண்ணி வீணா ஓடுது, வேடிக்கை பாக்குறீங்களே தம்பி!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். செந்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அண்ணி என்னிடம் கேட்டார். அய்யாறாக ஓடி முசிறிப் பக்கம் காவிரியில் சேர்கிறது என்றேன். "அப்ப நம்மளுதுதான்" என்று காவலரைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார்.

செப்டம்பர் 16
அண்ணி மறுபடி சுவரைப் பார்க்கிறாராம். ஒரு நாள் சிரிப்பு, அவ்வளவுதானா? எனக்கோ கண்ணை மூடினால் அருவி விழுந்துகொண்டே இருக்கிறது.

அக்டோபர் 3
செந்தில் போனில் அழாத குறை. பக்கத்து வயல் சாமிதுரை முறை மாறி, எங்கள் தண்ணீரைத் தன் வயலுக்கு மடை திருப்பிக்கொண்டாராம். அம்மா விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்ப் பெரிய சண்டையாம். கூட்டம் கூடிவிட்டதாம். "மானம் போச்சு அத்தை, நீங்களாவது வந்து சொல்லுங்க."

என்ன சொல்லித் திட்டினாங்க என்று கேட்டேன். சொன்னான். நன்றாகவே கேட்டது. இருந்தாலும், சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல் என்றேன்.