ரம்பத்தின் டேபிள் சாய்ந்துதான் இருந்தது, தம்பி

எனக்குப் பின் பிறந்து, எனக்கு முன் போய்ச் சேர்ந்த தம்பி சிவராசுக்கு,

உன் பட்டறையை நான்தான் திறந்தேன். கார் நிறுத்தும் கொட்டகையைப் பட்டறை என்று சொன்னவன் நீ ஒருவன்தான். நீ இல்லாத தைரியத்தில் நானும் அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். உன் மகன் செந்திலுக்கு இப்போது அந்த இடம் வேண்டுமாம். காதர்பேட்டைக் கடைகளுக்குப் போகிற பனியன் பெட்டிகளை அடுக்க வேறு இடமே இல்லையாம்.

"அந்த பேண்ட் சா ரம்பத்தப் பழைய இரும்புக்குப் போட்டறலாமுங்க அத்தை. அதைய வெச்சு நாம என்ன பண்றது?"

"உங்கப்பன் பாதியில வுட்ட மேசைய முடிச்சுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் உன்ற பெட்டிகள ஊட்டுக்குள்ள வெச்சுக்க."

"வெரல் போயிருமுங்க அத்தை."

"போகட்டும். கரும்பலகையில எழுதிக் காட்டுன்னு இனி எவளும் கேக்கப் போறதில்ல."

உன் மகன் நல்லவன். நல்லவர்களோடு சண்டை போடுவதில் சுவாரசியம் இல்லை.

அந்த மேசையை நீ மறந்திருக்கமாட்டாய். உன் மனைவி போன பிறகு மதியச் சாப்பாட்டுக்கு நான் பக்கத்து வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தேன். எட்டு நாற்காலி போட்ட மேசையின் இந்தக் கோடியில் நீ, அந்தக் கோடியில் நான். ரசம் வேண்டுமென்றால் ஒருவர் எழுந்து நடக்க வேண்டும். "ரெண்டு பேருக்கு எதுக்குங்க அக்கா இந்தக் கல்யாண மண்டபம்? சின்னதா ஒண்ணு செஞ்சு போடறேன்" என்றாய். மேல்பரப்புக்கு ஐந்து வேப்பம்பலகை போதும் என்றாய். மூன்றை வெட்டிவிட்டுப் போய்விட்டாய்.

அந்த ரம்பத்தின் டேபிள், அதாவது பலகையை வைத்துத் தள்ளும் இரும்புத் தட்டு, சாய்ந்திருக்கிறது என்று நான் முதலில் சொன்னது எப்போது என்பது எனக்கே நினைவில்லை. பெண்கள் கல்லூரியில் பௌதிகம் கற்பித்த எனக்குச் செங்குத்து எது என்று தெரியாதா? "டேபிள் நேராத்தானுங்க இருக்குது. நீங்க கண்ணாடிய மாத்துங்க" என்பாய். உன் பனியன் கம்பெனியில் துணியை அடுக்கடுக்காகப் போட்டு வெட்டும்போது கத்தி இப்படிச் சாய்ந்தால், மேல் பனியனும் அடிப் பனியனும் ஒரே அளவில் வருமா என்று மடக்கினேன். நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அதுக்குத்தானுங்க ஃப்ரீ சைஸுன்னு லேபிள் வெச்சுருக்கறோம்" என்றாய். அன்றைய சாப்பாடு அத்தோடு முடிந்தது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம்.

இப்போது கேள். செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை டேபிளின் மேல் நிறுத்தி பிளேடோடு ஒட்டிப் பார்த்தேன். அடியில் ஒட்டியது. மேலே வெளிச்சம் வந்தது. நல்ல, மறுக்க முடியாத வெளிச்சம்.

"பாத்தியாடா!" என்று திரும்பினேன். கொட்டகையில் மரத்தூளும் நானும்தான் இருந்தோம்.

வெற்றி இவ்வளவு அசௌகரியமாக இருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதவில்லை. இருந்தாலும் கையிலெடுத்த வேலையை நான் நடுவில் விடுவதில்லை. டேபிளுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளைத் தளர்த்தினேன். குளிர்பான டப்பாவைக் கத்தரித்து, அந்தத் தகட்டைத் தாங்கிக்கும் டேபிளுக்கும் இடையில் செருகினேன். போல்ட்டை முறுக்கினால் டேபிள் பழைய பக்கமே சாய்ந்தது. உன் குணம் அதற்கும் இருந்தது. மறுபடி தளர்த்தி, தகட்டை மடித்துச் செருகினேன்.

செந்தில் எட்டிப் பார்த்தான். "அத்தை, பிளக்கப் புடுங்கிட்டீங்களா?"

"உங்கப்பனுக்கு அக்காளாப் பொறந்தவ நான். புடுங்காம இருப்பனா?"

கடைசியில் மூலைமட்டத்துக்கும் பிளேடுக்கும் நடுவே வெளிச்சம் நுழையவில்லை. நான்காவது பலகையை வெட்டினேன். அப்பழுக்கில்லாத செங்கோணம். அதை உன் பலகைகளோடு சேர்த்தேன். சேரவில்லை. மேலே ஒட்டி அடியில் வாய் பிளந்தது.

அப்போதுதான் உன்னுடைய மூன்றையும் கவனித்தேன். கிளாம்ப்பில் நீ மாட்டியபடியே இருந்தன. இடுக்கில் தாள்கூட நுழையாது. ஒவ்வொன்றின் ஓரமும் சாய்வுதான். ஆனால் முதல் பலகையை நிமிர்த்தி, இரண்டாவதைக் கவிழ்த்து, மூன்றாவதை மறுபடி நிமிர்த்தி வைத்திருந்தாய். ஒன்றின் சாய்வு மற்றதன் சாய்வில் அணைந்து, மேசை மட்டமாக வந்திருந்தது.

நேரான டேபிளில் வெட்டியவனுக்குப் பலகையைக் கவிழ்க்க என்ன தேவை, சிவராசு? மரம் பின்னாளில் வளையாமலிருக்கத் தச்சர்கள் அப்படி மாற்றி வைப்பதுண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்காகத்தான் செய்தாயா? இல்லை, சாய்வு உனக்கு முதலிலிருந்தே தெரியுமா? தெரிந்துகொண்டா மதியந்தோறும் அத்தனை உறுதியாக இல்லை என்று சாதித்தாய்? நான் சொன்னதை நீ ஒத்துக்கொண்டிருந்தால் மறுநாள் சாப்பாட்டில் நாம் எதைப் பேசியிருப்போம்?

இதற்குப் பதில் சொல்லக்கூடியவன் நீ ஒருவன். என்னை எதிர்த்துப் பேசக்கூடியவனும் நீ ஒருவனாகத்தான் இருந்தாய் என்பதை இப்போது கண்டுபிடித்திருக்கிறேன். உலகத்துக்குப் பயனில்லாத கண்டுபிடிப்பு.

உன் பலகைகளைத் திரும்ப வெட்டி நேராக்கியிருக்கலாம். அதுதான் முறை. நான் தகட்டை உருவி எடுத்தேன். போல்ட்டை முறுக்கியதும் டேபிள் தன் பழைய சாய்வுக்குப் போய் உட்கார்ந்தது. நான்காவதற்கு வேறு பலகை எடுத்து வெட்டிக் கவிழ்த்தேன், ஐந்தாவதை நிமிர்த்தினேன். இரண்டும் உன்னுடையவற்றோடு போய்ச் சேர்ந்துகொண்டன. என் வாழ்நாளில் தெரிந்தே தவறாகச் செய்த அளவு இது ஒன்றுதான். யாரும் கேட்கவில்லை, சொல்லி வைக்கிறேன்.

கால்கள் பூட்டிய மேசை இப்போது என் சமையலறையில் நிற்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ரசம் எட்டுகிறது. எதிர் நாற்காலியில் மருந்துப் பெட்டியை வைத்திருக்கிறேன். சும்மா கிடந்தால் யாராவது உன் படத்தை வைத்து மாலை போட்டுவிடுவார்கள்.

ரம்பம் பழைய இரும்புக்குப் போகவில்லை. வரும் வாரம் செந்தில் அதை என் வீட்டு வாசல் கொட்டகைக்கு மாற்றித் தருகிறான். இடம் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். பார்ப்பேன், இந்த முறை நேராக்கித்தான் ஓட்டுவேன். அதற்கு முன்னால், "டேபிள் சாஞ்சிருக்குதுடா" என்று உரக்கச் சொல்வேன். சொல்லிவிட்டு, உன் பதிலுக்கு வேண்டிய நேரம் பேசாமல் நிற்பேன். அதன் பிறகே ஸ்பேனரை எடுப்பேன். இது வாக்கு.

இன்னும் கண்ணாடியை மாற்றாத
உன் அக்கா