குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு கேள்வி கேட்ட ஆள்

அன்பு மகன் வாலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் தங்கச்சி சுகம், உங்க அப்பாவும் உயிரோடு சுகம். அவர் உயிரோடு இருக்கிற விஷயத்தை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், உனக்கு வேறு மாதிரி தகவல் வந்திருக்கிறது போலத் தெரிகிறது. நீ சுகமாகத்தான் இருக்கிறாய், கண்ணால் பார்த்துவிட்டுத்தானே வந்தேன். எங்கே, எப்போது என்று மண்டையைக் குடையாதே, சொல்கிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, சும்மாவே கோணல்மாணலாகப் போகும், இன்றைக்குக் கோபம் வேறு. எழுத்துக்கூட்டியாவது படி, ஒரு வரியையும் தாண்டக் கூடாது.

எங்கள் தையல் கம்பெனிப் பெண்கள் எல்லாம் சேர்ந்து பஸ் பிடித்து வடக்கே சுற்றுலா கிளம்பினார்கள். போகிற இடத்துப் பட்டியலில் நீ வேலை பார்க்கிற கோட்டையும் இருந்தது. நீ நாலு வருஷமாக அங்கே வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறாய், நம் பாஷைக்காரர்கள் வந்தால் உன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று போனில் பீற்றிக்கொண்டாயே, போய்ப் பார்த்துவிடுவோம் என்று அப்பாவையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். உன்னிடம் மூச்சு விடவில்லை. தங்கச்சி வாயையும் கட்டிப்போட்டேன். கூட வந்தவர்களிடமும் சொல்லவில்லை, எல்லாம் முடிந்த பிறகு இவன்தான் என் பிள்ளை என்று காட்டி வாயைப் பிளக்க வைக்கலாம் என்று ஆசை. திட்டம் என்னவென்றால், யாருக்காவது கேள்வி இருக்கா என்று கடைசியில் நீ கேட்பாயாம், இந்த ராஜா அவங்க அம்மாவுக்கு மாசம் ஒரு தடவையாவது போன் பண்ணுவாரா என்று நான் பின்னாலிருந்து கேட்பேனாம், நீ திடுக்கிட்டுத் திரும்புவாயாம், அங்கே போய் வாங்கி மாட்டப்போகிற குல்லாவை அப்பா கழற்றுவாராம். பஸ்ஸில் இதை ரெண்டு பேரும் ஒத்திகை பார்த்துச் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரி தூக்கம் கெட்டு எங்களைத் திட்டினாள்.

ஊர் என்னவோ அழகுதான், அதைக் குறை சொல்லமாட்டேன். மலை மேல் மலை ஏறி நிற்கிறது, கீழே ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கிறது, கல்பாலத்தில் ஆடு மாடெல்லாம் வரிசையில் போகிறது, நம் தெருக்காரர்களுக்கு அந்த ஒழுங்கு இல்லை. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஜன்னல் வரைக்கும் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாசல் எல்லாம் குட்டை, உள்ளே சூடு தங்கணுமாம், அப்பா ரெண்டு வீட்டில் மண்டையை இடித்துக்கொண்டார். ஒரு கம்பளி நெய்கிற அம்மா எங்களை உட்காரவைத்துத் தறியைக் காட்டினாள், பாஷை தெரியாவிட்டாலும் என் கைவிரலில் ஊசித் தழும்பைப் பார்த்து அவள் விரலையும் நீட்டிக் காட்டிச் சிரித்தாள். அவள் கையால் வாங்கினதுதான் அந்தப் பழுப்புக் குரங்குக் குல்லா. அப்பாவுக்கு முதல் நாளே தொண்டை கட்டிக் குரல் தவளை மாதிரி ஆகிவிட்டது. குல்லாவை மாட்டினால் கண்ணும் மூக்கு நுனியும்தான் வெளியே. ஞாபகம் வருகிறதா இந்தக் குல்லா? வராது.

நீ கோட்டை வாசலில் வந்து நின்றாய். இளைத்துவிட்டாய். கோட்டு தோள் பக்கம் தையல் பிரிந்து தொங்குகிறது, அதைப் போட்டுக்கொண்டா ஊர் உலகத்துக்கு முன்னால் நிற்பது. நான் குண்டு சூப்பர்வைசரம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பேசுகிறாய். மூணு ராணியும் ஒருத்தி மூஞ்சியில் ஒருத்தி முழிக்கக் கூடாது என்று ராஜா மூணு படிக்கட்டு கட்டின கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள், அப்பா என்னை இடித்து நமக்கு ஒரு படிக்கட்டே தாங்கவில்லை என்றார். கண்ணாடி மண்டபம், குதிரை லாயம், தண்ணீர் தொட்டி என்று நீ காட்டக் காட்ட இவர் கண்ணில் தண்ணீர், குளிர்க்காற்று என்று சமாளித்தார். இது வரைக்கும் நான் உனக்கு அம்மா.

அப்புறம் அந்தக் காவல் மேடைக்குக் கூட்டிப்போனாய். பள்ளத்தைக் காட்டினாய். குரலைத் தணித்துக்கொண்டாய். எட்டுத் தலைமுறையாக எங்கள் குடும்பம்தான் இந்தக் கோட்டைக்குக் காவல் என்றாய். கட்டுக்கதை, போகட்டும், வயிற்றுப்பாடு என்று விட்டேன். ஆனால் நான் சின்னப் பையனாக இருக்கும்போது, இதோ இந்தச் சுவரைப் பழுது பார்க்கச் சாரத்தில் ஏறின எங்கப்பா, என் கண்ணு முன்னாலேயே, என்று சொல்லிவிட்டு நிறுத்தினாய் பார், அப்புறம் அந்த வார்த்தையைச் சொன்னாய். அதை நான் இந்தக் காகிதத்தில்கூட எழுதமாட்டேன்.

டேய், சாரம் கட்டுகிறவன் பிள்ளையடா நீ. நம் வீட்டில் அந்த வார்த்தை உண்டா? கரண்டி கைநழுவினாலும் இறங்கிடுச்சு என்றுதானே சொல்லுவோம். பல் போனாலும் இறங்கிடுச்சு, மாங்காயும் இறங்கிடுச்சு. ஒண்ணாவதில் வாத்தியார் கேட்டதற்கு மரத்திலிருந்து இலை இறங்கிச்சு சார் என்று சொல்லி வகுப்பே உன்னைப் பார்த்துச் சிரித்ததென்று அழுதுகொண்டு வந்தாயே, அன்றைக்கு உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஏன் என்று சொன்னேனே. கல்யாணம் ஆன நாளிலிருந்து சாயங்காலமானால் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவர் சைக்கிள் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறவள் நான். எந்தப் பயத்தை வாயால்கூடச் சொல்லாமல் இத்தனை வருஷம் மென்று முழுங்கினேனோ, அதையே எடுத்து ஊர் பேர் தெரியாதவர்களுக்கு விற்கிறாய். எத்தனை பஸ்ஸுக்கு விற்றாய் இது வரைக்கும்?

சூப்பர்வைசரம்மா மூக்கைச் சிந்தினாள். அப்போதுதான் பின்னாலிருந்து ஒருத்தர் தவளைக் குரலில் உங்கப்பா பேர் என்ன தம்பி என்று கேட்டார். பழுப்புக் குல்லா. அது உங்கப்பாதான். நீ அவரை நேருக்கு நேர் பார்த்தாய். அந்த ஊர்க்காரர்கள் வைக்கிற மாதிரி ஏதோ ஒரு பேரைச் சொன்னாய். சொன்னது போதாதென்று, ரொம்ப வருஷம் ஆச்சுங்க ஐயா, மூஞ்சியே மறந்துபோச்சு என்றாய். அவர் மூஞ்சியைப் பார்த்தே சொன்னாய்.

நான் முன்னால் வந்து உன் கோட்டுக் காலரைப் பிடித்து உலுக்கியிருப்பேன், அப்பா என் கையை விடவில்லை. எல்லாரும் உன் தொப்பியில் காசு போட்டார்கள், இவரும் போட்டார். தன் சாவுக்குத் தானே காசு போட்ட மனுஷனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? அதற்கும் நன்றிங்க ஐயா என்றாய். திரும்பும்போது பஸ் முழுக்க உன் பேச்சுதான். பக்கத்துச் சீட்டுக்காரி, அந்தப் பையனைப் பெத்தவ பாவம்டி என்று என்னிடமே சொன்னாள். ஆமா பாவம்தான் என்றேன். இவன்தான் என் பிள்ளை என்று காட்ட இருந்தவளுக்கு வேறு என்ன வாய் இருக்கிறது.

இவ்வளவும் நானே முழுங்கிக்கொண்டு, நீ போன் பண்ணும்போது நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அதோடு முடியவில்லை. ஊர் வந்த மறுநாள் அப்பா வேலைக்குப் போனார். புதிதாக எழும்புகிற அந்த நாலு மாடி ஆஸ்பத்திரிக் கட்டடம். மூணாவது தட்டு ஏறினவர் அப்படியே கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மேஸ்திரி மேலே போய்ப் பேசிப் பேசி ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கச் சொல்லி இறக்கினாராம். அவரே வீட்டுக்கு வந்து, என்னம்மா ஆச்சு அண்ணனுக்கு, குரங்கு தோத்துப்போகும் ஆளாச்சே என்று கேட்டார். நான் என்ன சொல்ல, என் பிள்ளை வடக்கே அவரைக் காரியம் பண்ணிட்டான் என்றா? அன்றையிலிருந்து கட்டடத்தடியில் உட்கார்ந்து சிக்குக் கயிறு பிரித்துக்கொண்டிருக்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் கயிறு கேட்டால் தலை நிமிராமல் நீட்டுகிறாராம், மேலே பார்ப்பதே இல்லையாம்.

நான் உன்னைத் திட்டினால் அவருக்குப் பொறுக்கவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். பேரை மாத்தித்தானே சொன்னான், அது வேற யாரோ, நான் இல்லையே என்கிறார். அப்போ கால் ஏன் நடுங்குது, வேற யாரோட காலா அது என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தங்கச்சி உனக்குப் போன் போட்டு நாறடிக்கிறேன் என்று நின்றாள், பிடுங்கி வைத்துவிட்டார். நான் எழுதுவதும் அவருக்குத் தெரியாது, கம்பெனிச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், எண்ணெய்க் கறை மெஷினுடையது.

இப்போது சொல்வதைக் கேள். அடுத்த மாசம் பனி கொட்ட ஆரம்பித்தால் கோட்டையை மூடிவிடுவார்கள் என்று நீயே எல்லாருக்கும் சொன்னாய், நானும் கேட்டேன், அதனால் லீவு இல்லை என்று என்னிடம் அளக்காதே. கிளம்பி வா. வந்ததும் மன்னிப்பு கின்னிப்பு என்று காலைப் பிடிக்கக் கூடாது, அவர் கூசிப்போய்விடுவார். காலையில் அவரோடு சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குப் போ. நீ முன்னால் ஏறு. சின்ன வயசில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் தட்டு ஏறினவன்தானே. மூணாவது தட்டில் நின்றுகொண்டு, அப்பா ஏறி வாங்க என்று கூப்பிடு. அந்தக் கோட்டையில் எழுப்பினாயே ஒரு குரல், அந்தக் குரலில் கூப்பிடு. அவர் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் கூப்பிடு. அவர் மேலே வந்து நிற்கிறதை நான் தெருவில் நின்று பார்க்கணும், அதற்கு அப்புறம் உனக்குச் சோறு போடுவேன்.

சுற்றுலாக்காரர்களுக்கு அழுகைக் கதை வேணும் என்றால் அந்த மூணு ராணிகளில் ஒருத்தியை அழ வை, அவர்கள் யாரும் சாயங்காலம் வீடு திரும்பவேண்டியதில்லை.

நெஞ்சில் சளி கட்டவிடாதே, ராத்திரி காலுறை போட்டுப் படு. அந்தக் கோட்டு தோள் பிரிந்து கிடக்கிறதே, மறக்காமல் எடுத்து வா, மெஷின் காலியாக வைத்திருக்கிறேன். நீ நூறு வயசு நன்றாக இரு, உனக்கு முன்னால் உங்கப்பாவும் நூறு வயசு இருக்கட்டும்.

இப்படிக்கு,
புருஷன் உயிரோடு இருக்கிற
உன் அம்மா