அண்ணனிடம் சொல்லாத ஏரி

செப்டம்பர் 12, வெள்ளி
நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று கண்ணைவிட மீனைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த மாதம் சேர்ந்து மீன் பிடிக்கப் போகும் எங்கள் நான்கு பேருக்கும் ஏரியை நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். லென்ஸ் வெட்டுகிறவர், "பதினோரு வருஷமா டிரவுட் மீன் பிடிக்கிறீங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். பதினோரு வருடமும் அண்ணனோடு போனவள் நான். அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு
வரைபடத்தை மேசையில் விரித்துவைத்தேன். இரண்டு ஏரிகள்.
சாலையோர ஏரி: காரை விட்டு இறங்கினால் இருபது அடியில் தண்ணீர். பலகைத் துறை, பெஞ்சு. போன வாரம்தான் மீன் பண்ணை லாரி வந்து ரெயின்போ டிரவுட்டை விட்டுப் போயிருக்கிறது. இலை பழுத்துத் தண்ணீர் குளிர்ந்துவிட்டால் மீன் ஆழத்தை விட்டுக் கரைப்பக்கம் வந்துவிடும். உட்கார்ந்த இடத்திலேயே பிடிக்கலாம்.
மேட்டு ஏரி: பாறைப் பாதையில் ஒன்றரை மணி நேர ஏற்றம். மீனும் குறைவு.
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் மேட்டு ஏரியைச் சுற்றி வட்டம் போட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்
காரணத்தை இங்கேயாவது எழுதிவிடு.
பக்கவாதம் வந்ததிலிருந்து அண்ணனுக்கு வலது கையும் காலும் சரியாக ஒத்துழைப்பதில்லை, பேச்சு இழுக்கிறது. ஏப்ரலில் கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தார். ஒரு சொல்லுக்காகத் திணறினார். வாயோரம் எச்சில் வழிந்தது. வந்திருந்த ஒரு பெண்மணி என்னிடம் மெல்ல, "யாரு இவரு?" என்றார்.
"தெரிஞ்சவர்" என்றேன்.
தெரிஞ்சவர்! கூடப் பிறந்தவரை. அவர் காதில் விழுந்திருக்குமா? விழாமல் என்ன? காதுக்கு ஒன்றும் ஆகவில்லையே.
மேட்டு ஏரிக்கு அவரால் ஏற முடியாது. அதற்குத்தான் அந்த வட்டம்.

செப்டம்பர் 21, ஞாயிறு
அண்ணி போன் செய்தார். "உங்க அண்ணன் ஒரு வாரமா தூண்டில் ரீலைக் கழட்டிக் கழட்டி எண்ணெய் போடறாரு. என்னைக்குப் போறீங்கன்னு கேக்கச் சொன்னாரு."
"இந்த வருஷம் லீவு கிடைக்கல அண்ணி."
சொல்லும்போது நாக்கு கூசவில்லை. எழுதும்போது கை கூசுகிறது.
"சரிம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார். நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 28, ஞாயிறு
எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 4, சனி
மேட்டு ஏரி. நாக்குத் தள்ள ஏறினோம். மதியம்வரை ஒரு கடி இல்லை. "நல்ல ஏரியாப் பாத்துக் கூட்டிட்டு வந்தீங்க, போங்க!" என்று லென்ஸ்காரர் சிரித்தார். இரண்டு மணிக்கு எனக்கு ஒன்று மாட்டியது — முழங்கை நீளம், விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை. எல்லோரும் கைதட்டினார்கள். கடை மேனேஜர் படம் எடுத்தார். பல்லெல்லாம் தெரிய நின்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு
மேனேஜர் படத்தை முகநூலில் போட்டுவிட்டார், என் பெயரோடு. கீழே அண்ணன் எழுதியிருக்கிறார். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருப்பார்.
"அழகான மீன். எந்த ஏரி?"
ஐயோ. லீவு எப்படிக் கிடைச்சுதுன்னு கேக்கல. என்னைத் தவிர இதை வேற யாரு செய்வா? நானெல்லாம் ஒரு தங்கச்சியா?

அக்டோபர் 7, செவ்வாய்
போனேன். அண்ணி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். லீவு பொய், மேட்டு ஏரி, ஏப்ரல் — எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சொற்களைத் தேடினார். நான் எடுத்துக்கொடுக்கவில்லை.
"கடையில... நீ சொன்னது... கேட்டுச்சு."
"தெரியும்ணா."
"வேற எது கேட்டாலும்... பொய் சொல்லுவ. அதான்... மீனப் பத்திக் கேட்டேன்."
தலையைத் தூக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாலையோர ஏரிக்குப் போகலாமா என்று தரையைப் பார்த்தபடியே கேட்டேன்.
"பக்கத்து வீட்டு... பஸ் டிரைவரோட... போறேன்" என்றார். வா என்று சொல்லவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு
கூப்பிடாமலே போனேன். பலகைத் துறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவருக்குத் தூண்டிலின் தலைமாடு கால்மாடு தெரியவில்லை. ஆனால் அண்ணன் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை, அவசரமே இல்லாதவர்போல் காத்திருக்கத் தெரிகிறது. பெஞ்சில் இரண்டு பேருக்குத்தான் இடம். நான் பின்னால் நின்றேன்.
தூண்டில் நரம்பு அறுந்தது. நான் கை நீட்டினேன். அண்ணன் வேண்டாமென்று தலையசைத்தார். நரம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, புது முள்ளை இடது கையாலேயே கட்டினார். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். டிரைவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.
வீசிவிட்டு உட்கார்ந்ததும் டிரைவர் பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினார். அண்ணனின் இடது கையில் தூண்டில். வலது கையால் கோப்பையை வாங்கி, திரும்பிப் பார்க்காமலே பின்பக்கமாக என்னிடம் நீட்டினார். கை நடுங்கிப் பாதி சிந்திவிட்டது.
மீதியைக் குடித்தேன்.