மூச்சு வாங்கப் படித்த பாடம்

அன்புள்ள மகனுக்கு,

நானும் அப்பாவும் இங்கே நலம், என் முழங்காலும் இந்த மாதம் வாயை மூடிக்கொண்டு ஒழுங்காக இருக்கிறது, அங்கே நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். எடுத்ததுமே நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், அம்மா என்ன சொல்கிறார் என்று மருமகள் உடனே உன்னைக் கேட்பாள், பிறகு எதைச் சொல்வது? எதிர்வீட்டு ஆடிட்டர் நாளை உங்கள் ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். மருமகளுக்கு நம் எழுத்து தெரியாது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் கொட்டுகிறேன், படித்துவிட்டுப் பத்திரமாக வை.

ஒரு ரகசியம், இரண்டு மாதமாக நான் அவள் மொழியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வாரம் இரண்டு சாயங்காலம் சலவைக் கடையைப் பூட்டிவிட்டு நூலகத்து மாடியில் வகுப்பு. கல்யாணமாகி ஒன்றரை வருடமாக அவள் சிரிக்கிறாள், நான் சிரிக்கிறேன், நடுவில் நீ மொழிபெயர்க்கிறாய், இப்படியே எத்தனை நாள் ஓட்டுவது? நீ குறுக்கே இல்லாமல் அவளோடு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் மண்டையில் ஏறினால்தானே! கடையில் வெள்ளைச் சட்டைகளை எல்லாம் கலந்து போட்டாலும் எது யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், சாயங்காலம் படித்த ஜன்னலும் கதவும் மட்டும் காலையில் மாயமாகிவிடும். பரவாயில்லம்மா மெதுவா வரும் என்று அந்தச் சின்ன வயது டீச்சர் சொல்லும்போதெல்லாம் எனக்கு மானம் போகும். போதும்டா சாமி, நின்றுவிடலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் வகுப்பு முடிந்து படி இறங்கும்போது இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா இல்லையா என்று பகீரென்றது. கடை முழுக்க ஊரார் துணி! பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை, கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் பறந்தேன், எவனோ பையைப் பறிக்க வருகிறான் என்று நினைத்துப் பழக்கடைக்காரர் வேறு துணைக்கு ஓடிவந்தார். போய்ப் பார்த்தால் பெட்டி சமர்த்தாக அணைந்து கிடக்கிறது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் மறுநாள் காலை காலர் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், முந்தின நாள் பாடம் மொத்தமும் தானாக வாயில் வருகிறது, எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

ஓடினதால்தான் பாடம் மனசில் நின்றதா என்று, வெள்ளைக் கோட்டு தேய்க்கக் கொடுக்கும் பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டேன். ஆமாக்கா, ஒரே ஒரு தடவை நல்லா மூச்சு வாங்குற மாதிரி உடம்பை அசைச்சாலே, அதை ஒட்டிப் படிச்சது கொஞ்சம் நல்லா மனசுல நிக்கலாம், ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, மாயமந்திரம்னு நினைச்சு மாடிப்படியில விழுந்து வைக்காதீங்க என்றாள். அப்பா நம்புவாரா? சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். இருவரும் ஒரே பாடத்தைப் படித்தோம், நான் மாடிப்படியில் ஏறி இறங்கினேன், அவர் சோபாவை விட்டு அசையவில்லை. காலையில் எனக்கு முக்கால்வாசி நினைவிருந்தது, அவருக்கு உப்பும் நாற்காலியும்தான். ஒரு நாள் கூத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, எனக்கு அன்று தலைவலி என்று இன்னமும் வாதாடுகிறார். ஆனால் இப்போது வகுப்பு முடிந்ததும் வாசலில் நிற்கிறார், இருவரும் வேக நடையாக வீட்டுக்கு வருகிறோம். நீயும் நாள் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்காதே, கொஞ்சம் எழுந்து நட.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பிடிக்கும், பிடிக்காது, கோபம், பயம் என்று மனசைப் பற்றிய பாடம். படித்த கையோடு நன்றாக நடந்துவிட்டு வந்தேன், ஒரு சொல் விடாமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் போன் பண்ணினாய். அவள் உன் பக்கம் திரும்பி மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள், நீ என்னிடம், உன் பின்னாடி இருக்கிற திரைச்சீலை அழகா இருக்குன்னு சொல்றாம்மா என்றாய். அட படுபாவி! உங்க அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலையா, என்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாங்களே என்று அவள் கேட்டாளடா. எனக்குப் புரிந்துவிட்டது, பதில்தான் நாக்கில் வரவில்லை. திரைச்சீலைக்கு நன்றி என்று அசடு வழியச் சொன்னேன். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் போய் அழுதேன். இத்தனை நாள் அந்தப் பெண் இதை மனசில் வைத்துக்கொண்டா என்னைப் பார்த்துச் சிரித்தாள்? உன்மேல் கோபமில்லை, நல்லதுக்குத்தான் மறைத்தாய், ஆனால் இனிமேல் வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நீ காய் வாங்கக் கிளம்பு. டீச்சரிடம் கேட்டு ஒரே ஒரு வாக்கியம் தயார் செய்திருக்கிறேன், உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும், பேசத் தெரியாமல்தான் பேசாமல் இருந்தேன் என்று. தினமும் அதைச் சொல்லிப் பார்த்துவிட்டுப் படியேறுகிறேன், இந்த வயதில் மூன்று மாடி.

இரண்டு பேரும் மனசு விட்டுப் பேசி, சிரித்து, நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காதே, திரைச்சீலை விஷயம் அப்பாவுக்குத் தெரியக் கூடாது, அது அவர் தேர்ந்தெடுத்தது, மருமகளுக்கு என்ன ரசனை பார் என்று மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவளிடமும் நீ எதையும் முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. நானே சொல்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்
உன் அம்மா