உன் சந்தியும் எங்கள் சந்தியும்

பேராதனை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் அஸ்ஃபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் வாப்பாவும் தங்கச்சி ஆஸிகாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், மனசின் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் அந்த மெல்பேர்ன் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நான் பாதி வசனம் பேசுமுன்னே சரி உம்மா, சரி உம்மா என்கிறாய், பிறகு மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். படம் அனுப்பினால் பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். இத்தனை காலம் தபால் கந்தோரில் வேலை செய்தவள் நான், காகிதத்தில் வருவதை மனிதன் கடைசி வரி வரைக்கும் வாசிப்பான் என்று எனக்குத் தெரியும். கம்பஸில் படிப்பிக்கிற ஸ்ரீஸ்கந்தராசா சேருடைய மகள் பிரியாந்தினி லீவுக்கு வந்து நின்றாள், நாளைக்குத் திரும்ப மெல்பேர்னுக்குப் பறக்கிறாள். தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது என்று அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஓம் அன்ரி, இறங்கின உடன அவரின்ர கையிலயே குடுக்கிறன் என்றாள், நல்ல பிள்ளை.

முதலில் வீட்டுப் புதினம். வாப்பாவின் சீனி வருத்தம் மட்டாக இருக்கிறது. நான் சீனி போடாத தேத்தண்ணி கொடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், பிறகு நம் சப்பாத்துக் கடைக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பி அடிக்கிற ஜயதிஸ்ஸ முதலாளியிடம் போய் இரண்டு கரண்டி போட்டுக் குடிக்கிறார், எனக்குத் தெரியாது என்று அவருக்கு நினைப்பு. ஆஸிகா சோதனை எழுதி முடித்துவிட்டு றிசல்ட்ஸ் வரும்வரை கடையில் நிற்கிறாள், வாப்பாவைவிட நன்றாகவே வியாபாரம் பேசுகிறாள். மழை விடாமல் பெய்கிறது, குசினிக் கூரை ஒழுகுகிறது, போன தடவை நீ வந்து அடைத்த அதே இடம்தான், உன் இன்ஜினியர் வேலையைப் பற்றி இனி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நீயும் கூட்டாளிமாரும் செய்த ‘சந்தி’ என்ற அந்த ஆப், நீங்கள் ‘பெரியவன்’ என்று பட்டம் வைத்திருக்கும் அந்தப் பழைய தளத்தை ஒரு நாளைக்காவது அசைத்துப் பார்க்குமா என்று கேட்டாய். நான் சிரித்தேன். சனம் கூடியிருக்கிற இடத்துக்குத்தான் சனம் போகும் மகன். நம் தெருப் பெண்கள் எல்லாரையும் நானே பிடித்துப் பிடித்து உன் ‘சந்தி’யில் சேர்த்துவிட்டேன், இரண்டு கிழமை வட்டிலப்பமும் புரியாணியுமாகப் படம் போட்டார்கள், பிறகு ஒவ்வொருத்தராகப் பெரியவனிடமே திரும்பிவிட்டார்கள். முனாஸின் உம்மா சொன்னாள், அங்க யாருமே இல்ல ரபீகா, ஆளில்லாத வீட்ல நிண்டு பேசுற மாதிரி இருக்கு என்று. எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. அந்த மார்ச் மாதம் திகனப் பக்கம் நம் ஆட்களின் கடைகள் எரிந்து, ஊரடங்கு போட்டு, இணையத்தளங்களையும் நிறுத்தி வைத்த நாட்களில், ஏஎல் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த நீ ஜன்னலடியில் நின்று, நம்மட ஆக்கள் ஒருத்தருக்கொருத்தர் சுகம் விசாரிக்க நம்மட இடம் ஒண்டு வேணும் உம்மா என்றாய். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே நீ இவ்வளவு தூரம் போனாய், நல்ல வேலையையும் விட்டாய். வாப்பா கடை வைத்திருக்கிற கலஹா சந்தியின் பெயரையே அதற்கு வைத்தாய். அவர் அதை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே பாதி வியாபாரத்தைக் கெடுத்தார்.

அப்படி இருக்கும்போதுதான், கண்டிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து குவிகிறார்கள், இந்த வேகத்தில் போனால் பெரியவனுக்கே காய்ச்சல் வரும், இதைப் பார்த்துத்தான் முதல் போடுகிறவர்கள் அடுத்த மாதம் முடிவு சொல்வார்கள் என்று நீ துள்ளினாய். நானும் துள்ளினேன். ஆனால் யார் வருகிறார்கள் என்று நீ பார்த்தாயா மகன்? எனக்கு அதைக் காட்டித் தந்தது ஜயதிஸ்ஸ முதலாளி. ஒரு நாள் கடைக்குள் வந்து, ஆஸிகாவைப் பின்பக்கம் போகச் சொல்லிவிட்டு, வாப்பாவிடம் தன் போனை நீட்டினார். கண்டதையும் எழுதிப் பெரியவனிடம் தடை வாங்கிய கூட்டம் ஒன்று இருக்கிறதாம், ‘சந்தி’யில் யாரும் எதையும் அழிப்பதில்லை, அங்கே வாருங்கள் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சொல்லி அங்கே போய்க் கூடியிருக்கிறார்களாம். பளீல், உன் மகன் நல்ல பையன், ஆனால் அவன் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குகிறான் என்று சிங்களத்தில் சொன்னாராம். வாப்பா அதை எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னார்.

அந்தப் போனில் இருந்தது நம் கடை. பெருநாளைக்குப் பிறகு வாப்பா சின்னப் பிள்ளைகளின் ரப்பர் செருப்பில் ஒரு புது மொடல் எடுத்தார், வழுக்காமல் இருக்க அடியில் ஒரு பூ வெட்டியிருக்கிறது, நடுவில் வட்டம், சுற்றிவர இதழ். யாரோ அதை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிப் படம் எடுத்து, இது பூ இல்லை, தர்மச் சக்கரம், எங்கள் சமயத்தைக் காலில் மிதிக்க வேண்டுமென்றே விற்கிறார்கள் என்று போட்டுவிட்டார். கூடவே கடைவாசலின் படம், பெயர்ப்பலகையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வாசலில் பெட்டி அடுக்கிக்கொண்டு நிற்கும் ஆஸிகாவின் பாதி முகம் அதில் விழுந்திருக்கிறது. வாப்பா அன்றைக்கு ஒரு செருப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, பூதானே ரபீகா, பூதானே என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பூதான். ஆனால் ஒருத்தர் சக்கரம் என்று சொன்ன பிறகு பார்த்தால் எனக்கே கொஞ்ச நேரம் சக்கரமாகத் தெரிந்தது, அதுதான் என்னைப் பயப்படுத்தியது. மறுநாள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பார்த்தீர்களா, குற்றம் செய்தவன் ஒளித்துவிட்டான் என்று அதற்கும் கீழே எழுதியிருக்கிறார்கள்.

படத்தோடு சிங்களத்தில் இப்படி இருக்கிறது: இது தம்பிலாவின் கடை, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் கலஹா சந்திக்கு வாருங்கள், தம்பிலாவுக்கு ஒரு பாடம் படிப்பிப்போம். நான் உடனே உன் ஆப்பில் இருக்கும் முறைப்பாட்டுப் பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது, தமிழில், மிக மரியாதையாக. ரபீகா அவர்களே, நீங்கள் சுட்டிய பதிவைப் பரிசீலித்தோம், இது இளைய சகோதரர்களுக்கான ஞாயிறு வகுப்பு பற்றிய அறிவித்தல், எங்கள் விதிகளுக்கு மாறாக இதில் எதுவுமில்லை, அக்கறைக்கு நன்றி. நான் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, பிறகு அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன்.

எப்படி இந்தப் பிழை வந்தது என்று எனக்கு விளங்குகிறது, அதனால்தான் கோபம் கூடுகிறது. உன்னோடு வேலை செய்யும் கணேஸ், ஹேவாஹெட்டயிலிருந்து போன குடும்பம், மெல்பேர்னிலேயே பிறந்த பிள்ளை, நம் ஊர்ச் சொற்களை எல்லாம் மெஷினுக்குப் படிப்பித்துக் கொடுத்ததாக நீ பெருமையாகச் சொன்னாய். அவன் ‘தம்பி’யைப் பாசமான சொற்களோடு போட்டிருப்பான், ‘பாடம்’ என்றதும் மெஷின் அதை வகுப்பு என்று எடுத்திருக்கும். அவன் வீட்டில் அது பாசம்தான், நம் வீட்டிலும் பாசம்தான். அந்தச் சொல்லே தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போய், தம்பியா, தம்பிலா என்று நம் ஆட்களை மட்டந்தட்டிக் கூப்பிடும் பெயராகிவிட்டது என்று மெல்பேர்னில் பிறந்தவனுக்கு யார் சொல்வார்கள்? உனக்குத் தெரியும். நாலாம் வகுப்பில் நீ விளையாடிவிட்டு வந்து, என்னவிடச் சின்னப் பொடியனும் என்னத் தம்பியா எண்டு கூப்பிடுறான் உம்மா, அவனுக்கு எண்ணத் தெரியாதா என்று கேட்டாய். அன்றைக்கே நான் உன்னை மடியில் இருத்தி விளங்கப்படுத்தினேன், நீ அழவில்லை, ஆனால் இரண்டு நாள் வெளியே விளையாடப் போகவில்லை. ஜயதிஸ்ஸ முதலாளி இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வாப்பாவை அப்படிக் கூப்பிட்டதில்லை, எல்லாரும் ஒன்றில்லை, அதையும் மறந்துவிடாதே. ஆனால் உன் மெஷினுக்கு ஜயதிஸ்ஸவும் தெரியாது, அந்தக் கூட்டமும் தெரியாது.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. வகுப்பு என்று நினைத்து உன் ‘சந்தி’ அதைக் கல்வி என்ற பகுதியில் போட்டு, பக்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. எனக்கும் வருகிறது. உங்கள் அயலில் ஒரு நிகழ்வு, கலஹா சந்தி, ஞாயிற்றுக்கிழமை, நீங்களும் வருகிறீர்களா என்று கேட்கிறது. வருகிறேன் என்று அழுத்தினவர்களின் தொகை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கூடியிருக்கிறது. அந்தப் பெயர்களில் ஒன்று ஆஸிகாவோடு கம்பளை வகுப்புக்குப் போன பிள்ளை. நான் எதை அழுத்துவது மகன்? நாங்கள் வரத் தேவையில்லை, அங்கேதான் இருக்கிறோம்.

இங்கே வெளியில் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஸ்கூல் சப்பாத்து எடுக்கும் காலம், ஆனால் கடைக்கு ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. வழக்கமாக வாப்பாவைக் கண்டால் கையைத் தூக்கும் த்ரீவீல் பொடியன்மார் இப்போது போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நேற்று யாரோ இரண்டு பேர் எதிர்ப் பக்கத்தில் நின்று கடையை வீடியோ எடுத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனார்கள். வாப்பா பொலிஸுக்குப் போய் முறைப்பாடு எழுதினார், மரியாதையாகத்தான் பேசினார்களாம், பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம், அந்தப் பதிவை முதலில் எடுப்பிக்க முடியுமா என்று அவர்களே கேட்டார்களாம். அந்த ஆப்பின் சொந்தக்காரன் என் மகன்தான் என்று சொல்லாமலே வாப்பா எழும்பி வந்துவிட்டார். ஜயதிஸ்ஸ முதலாளி நல்ல சப்பாத்துகளைத் தன் கடையின் பின்னறையில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். வாப்பா மாட்டேன் என்றுவிட்டார், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, அவரையும் எதற்கு மாட்டிவிட வேண்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், பூட்டினால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பிடிவாதம். உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம். ஆஸிகாவை மட்டும் கட்டுகஸ்தோட்டையில் மாமி வீட்டுக்கு அனுப்பப் போகிறேன். அவள் போக மாட்டேன் என்று அழுகிறாள்.

போனில் இதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய் தெரியுமா? டீம்ட்ட சொல்றன் உம்மா, ஆனா இப்ப அந்தக் குறூப்பத் தூக்கினா கண்டி நம்பர்ஸ் எல்லாம் போய்டும் என்றாய். நீ களைத்துப்போய்ச் சொன்னாய், மனசறிந்து சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடக்கிறது. உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். உன் ‘சந்தி’ பெரியவனை அசைக்குமா என்றால், இப்படியே விட்டால் அசைக்கும் மகன். அவன் வாசலில் நிறுத்தி வைத்ததையெல்லாம் உள்ளே எடுத்தால் கூட்டம் சேராமல் என்ன? சேரும், ஓடிவந்து சேரும். நீ தோற்றுவிடுவாய் என்று முன்பு பயந்தேன், இப்போது ஜெயித்துவிடுவாய் என்று பயப்படுகிறேன். உன் சந்தியில் கூடுகிறவர்கள் நடந்து வரப்போவது எங்கள் சந்திக்கு. அந்தக் கூட்டத்தை வெளியே போடு, நம் ஊரில் வளர்ந்து சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருத்தரை மெஷினுக்குப் பக்கத்தில் இருத்து, அதுவரைக்கும் கண்டிப் பக்கத்தைப் பூட்டி வைத்தாலும் பரவாயில்லை. முதல் போடுகிறவர்கள் போனால் போகட்டும். ‘சந்தி’யே இல்லாமல் போனாலும் நீ என் பிள்ளைதான், திரும்பி வந்து வாப்பாவோடு சப்பாத்து விற்றாலும் எனக்குப் பெருமைதான்.

பிரியாந்தினியிடம் கொஞ்சம் தொதலும் மாசிச் சம்பலும் கொடுத்துவிட்டிருக்கிறேன், கணேஸுக்கும் கொடு, அவன் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல். சம்பல் போத்தலைக் கழுவி அவளிடமே திருப்பிக் கொடு, அது அவளுடைய அம்மாவின் போத்தல். உனக்கு எழுதும் எந்தக் கடிதத்தையும் நான் ‘தம்பி’ என்றுதான் தொடங்குவேன், இந்தத் தடவை மகன் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயோ தெரியாது. எழுதப் பார்த்தேன், கை போகவில்லை. அந்தச் சொல்லை எனக்குத் திருப்பித் தா.

அல்லாஹ் உன்னை எல்லா முஸீபத்திலிருந்தும் காப்பாற்றி, நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தந்து, எங்கள் கண் குளிர உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுத்து நேரத்தை வீணாக்காதே, சரி உம்மா என்றும் சொல்லாதே. அந்தப் பதிவை எடு. நீ எடுத்தால் எனக்கு இங்கே தெரியும், ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் நான் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் உம்மா,
ரபீகா பளீல்