பட்டியலில் மூன்று தம்பு

4 மார்ச் 1996
அதிகாரி காரோ பட்டியலோடு வந்தார். எங்கள் தீவில் போர்க்கால விமான ஓடுதளம் போட்டபோது ஜப்பான்காரன் குண்டில் செத்த கூலியாட்கள் பதினொரு பேர். கல் நடப் போகிறார்களாம். அப்பா பெயர் இல்லை. மண்வெட்டியோடு போனவரை, பத்து வயதில், நான் பார்த்தேனே!
"பட்டியல்ல இல்லாதவர கல்லுல எப்படி ஐயா போடறது?"
"அப்ப எங்க நிலத்துல கல்லு நிக்காது."

9 மார்ச்
பட்டியலை மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'தம்பு' என்று மூன்று பேர். அப்படி யாருக்குப் பெயர்?

10 மார்ச்
மடையன் நான். எங்கள் பேச்சில் தம்பு என்றால் மச்சான். பெயர் சொல்லக்கூடாத உறவு. அம்மாவின் அண்ணன் அலோயி மாமாவிடம் போனேன். பிணங்களை அடையாளம் காட்டியவர் அவர்தான்.
"செத்தது யாருன்னு வெள்ளைக்காரன் கேட்டான். தம்புன்னேன். என் வாயால வேற என்னடா வரும்?"
ஐம்பத்திரண்டு வருஷம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

21 மார்ச்
மகன் பேச்சு செல்லாதாம். பார்த்த சாட்சி வாயால் சொல்ல வேண்டுமாம். மாமாவையும் அத்தையையும் கூட்டிப்போனேன். மாமா காரோவின் மேசையில் ஒரு கலிப் கொட்டையை வைத்தார்; அப்பா பெயரும் அதுதான். அந்தக் கொட்டையைக்கூட ஆயுள் முழுக்க 'கெட்டி ஓடு' என்றே சொன்னவர்.
காரோ சிரித்தார். "பேரக் கேட்டா பெரியவரு தின்னக் குடுக்குறாரு!"
"சொல்லுங்க மாமா." மூன்று தடவை சொன்னேன். கடைசியில் கத்தினேன்.
சொன்னார். அத்தை முகத்தை மூடிக்கொண்டாள்.

25 மார்ச்
பெயர் சொன்ன வெட்கம் தீர்க்க, வழக்கப்படி அப்பா வம்சத்துக்கு மாமா பன்றி அனுப்பினார். வம்சத்தில் மூத்தவன் நான், திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் என்ன குற்றம் செய்தார், நான் வாங்க?

2 ஏப்ரல்
அத்தை வந்தாள். "வாங்கிக்கப்பா. வாங்கினாத்தான் அவரு வெளிய தல காட்டுவாரு."
மாட்டேன் என்றேன். வாங்கினால் அப்பா பெயரைச் சொன்னது தப்பு என்றாகிவிடாதா?

19 ஏப்ரல்
மாமா போய்விட்டார். வீட்டைவிட்டு வெளியே வராமலே. என்னைப் பிணத்தருகே விடவில்லை.

12 ஜூலை
கல் நட்டார்கள். கலிப். எழுத்துப் பிழை இல்லை, விரலால் தடவிப் பார்த்தேன். மற்ற இரண்டு தம்புவும் அப்படியே. அவர்கள் பெயரைச் சொல்ல இனி ஆளில்லை.
சாயங்காலம் மருமகள் கொட்டை உடைத்து வைத்தாள். பேத்தியைக் கூப்பிட்டேன்.
"கெட்டி ஓடு இருக்கு, வந்து தின்னு."
வேறு சொல் வாயில் வரவில்லை.